மெலிந்தோர் நீரிழிவும் நிறைந்த உணவும்

நீரிழிவு என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்முள் பெரும்பாலோர்க்குப் பருத்த உடலும் நடுத்தர வயதுமே நினைவுக்கு வருகின்றன. அந்நோய்க்குரிய பத்தியம் யாது என்று வினவினால், சோற்றைக் குறை, இனிப்பை விடு, எண்ணெயைத் தள்ளு என்று தெருவில் போவோரும் விடை கூறிவிடுவர். அவ்விடை பலர்க்குப் பொருந்துவதே. ஆயினும், எல்லார்க்கும் அதையே சொல்லிவிட்டால் சிலருடைய உயிருக்கு ஊறு விளையும். மெலிந்த உடலோடு நீரிழிவையும் தாங்கி வாழ்வோர் சிலர் உளர். அவர்கள் பிறரைவிட மிகுதியாக உண்ணவேண்டும். அவ்வுணவுக்கு ஏற்ப இன்சுலினும் போட்டுக்கொள்ளவேண்டும். அத்தகையோர் இளமையிலேயே, உங்களுடைய வகுப்புகளிலேயே இருக்கக்கூடும். ஆகவே அவர்களைப் பற்றி மாணவர்களாகிய உங்களோடு சிறிது பேச விரும்புகின்றேன்.

முதலில் கணையம் என்னும் உறுப்பை அறிந்துகொள்வோம். இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகப் படுத்திருக்கும் இச்சுரப்பி இரண்டு தொழில்களைச் செய்கின்றது. நாம் உண்ணும் மாவுச்சத்தையும் புரதத்தையும் கொழுப்பையும் உடைத்துச் செரிக்கச் செய்யும் நீரைச் சுரந்து, சிறு குழாயின் வழியே குடலுக்கு அனுப்புவது ஒரு தொழில். நாள்தோறும் ஏறக்குறைய ஒரு லிட்டருக்கும் மேலாக இந்நீர் சுரக்கின்றது. இன்சுலினை ஆக்கி நேரே குருதியில் சேர்ப்பது மற்றொரு தொழில். இதனைச் செய்பவை லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் எனப்படும் உயிரணுக் கூட்டங்கள். பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் ஜெர்மானிய மாணவர் 1869இல் இவற்றைக் கண்டு எழுதினார். கணையத்தின் எடையில் இத்திட்டுகள் நூற்றில் ஒன்று இரண்டு பங்கே ஆகும்.

தொழிற்சாலைகள் நிறைந்த வடசென்னையில் வாழ்வோர்க்கு இதனை விளக்குவது எளிது. ஒரே மதிற்சுவருக்குள் இரண்டு பட்டறைகள் இருப்பதாகக் கொள்ளுங்கள். ஒரு பட்டறையின் கழிவுக்குழாய் அடைபட்டால் நீர் பின்வாங்கித் தேங்கும், சுவரை அரிக்கும், நாளடைவில் அடுத்த பட்டறையையும் பாழாக்கும். கணையத்தின் குழாய் அடைபட்டாலும் இதுவே நிகழ்கின்றது. செரிமான நீர் குடலை அடையாமையால் உண்ட உணவு உடலில் ஒட்டுவதில்லை. தேங்கிய நீர் சுரப்பியைப் புண்ணாக்கி, அவ்விடத்தில் நார்த்தழும்பு படரச் செய்கின்றது. அத்தழும்பின் நடுவே இன்சுலின் திட்டுகளும் நலிகின்றன. ஆகவே, உடல் மெலிவும் நீரிழிவும் ஒரே வீட்டில் குடியேறுகின்றன.

இவ்வாறு குழாயை அடைக்கும் நோய்களுள் ஒன்று சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். டாரதி ஆண்டர்சன் என்னும் அமெரிக்க மருத்துவப் பெண்மணி 1938இல் இதனைத் தனி நோயாக விளக்கினார். இது பரம்பரையாக வருவது; ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குத் தொற்றுவதன்று. தாய் தந்தை இருவரும் பழுதுற்ற மரபணுவின் ஒரு படியைச் சுமந்திருப்பின், அவர்கள் நலமாகவே இருப்பர். ஆனால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு இந்நோய் வரும் வாய்ப்பு உண்டு. அம்மரபணு 1989இல் கண்டறியப்பட்டது. உயிரணுக்களின் வழியே உப்பும் நீரும் சென்று வருவதை ஒழுங்குபடுத்துவது அதன் வேலை. அது பழுதாயின் உடலின் சுரப்புகள் பசைபோல் இறுகுகின்றன. நுரையீரலில் சளி கெட்டிப்பட்டுக் கிருமிகள் குடிபுகுகின்றன. கணையக் குழாய் அடைபடுகின்றது. வியர்வையிலோ உப்பு மிகுகின்றது. நியூயார்க்கில் கடும் வெப்பம் வாட்டிய ஒரு கோடையில் இந்நோயுற்ற குழந்தைகள் பலர் சோர்ந்து விழுந்ததைக் கண்டு ஆராய்ந்த பால் டி சான்டாக்னீஸ், 1953இல் இவ்வுண்மையை நிலைநாட்டினார். இன்றும் வியர்வையிலுள்ள குளோரைடை அளந்தே இந்நோயை முதன்மையாக உறுதி செய்கின்றனர்.

இது வெள்ளையர்க்கே உரிய நோய் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. அவ்வெண்ணம் பிழை. நம் நாட்டிலும் இந்நோயுற்ற குழந்தைகள் உளர். ஆயினும், ஓயாத இருமலைக் காசநோய் என்றும், மெலிவை வறுமையின் விளைவு என்றும் கருதிவிடுவதால் பலருடைய நோய் கண்டறியப்படாமலே போகின்றது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்ற சில இடங்களில் இதற்கெனத் தேர்ந்த சிகிச்சை கிடைக்கின்றது.

இதற்கு நெருங்கிய உறவாகிய மற்றொரு நோய் நம் மண்ணுக்கே மிகவும் பழக்கமானது. கணையக் குழாயினுள் சுண்ணாம்புக் கற்கள் தோன்றும் நோய் அது. குழந்தைப் பருவத்தில் அடிக்கடி வயிற்றுவலி, பதின்ம வயதில் கணையத்தில் கற்கள், இளமையில் நீரிழிவு என்று அது படிப்படியாக வளரும். இந்தோனேசியாவில் ஏழை நோயாளர் பலரிடம் இதனைக் கண்ட ஸூய்டெமா என்பவர் 1959இல் அதனை விரிவாக எழுதினார். கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் நூற்றுக்கணக்கானோரை ஆராய்ந்து, 1968இல் நூலாகவே வெளியிட்டார். சென்னையிலும் இவ்வாராய்ச்சி தழைத்தது. ஸ்டான்லி மருத்துவமனையில் 1948இல் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கிய மருத்துவர் மா. விசுவநாதன், 1954இல் இராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே ஒரு மருத்துவமனையை நிறுவினார். அவரும் மருத்துவர்கள் மோகன், இராமச்சந்திரன் ஆகியோரும் 1980களில் இக்கணையக் கல் நீரிழிவைப் பற்றி எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் உலகெங்கும் படிக்கப்பட்டன. வியாசர்பாடியிலிருந்து பேருந்தில் சிறிது நேரத்தில் சென்றடையக்கூடிய இராயபுரம், மருத்துவ உலகில் இவ்வாறு பெயர் பெற்றிருப்பதை நம் பகுதி மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று.

இனி, இத்தகையோர் ஏன் உணவைக் குறைத்தலாகாது என்பதைக் காண்போம். இன்சுலின் குருதியிலுள்ள சர்க்கரையைக் குறைப்பது என்றே நாம் படித்திருக்கின்றோம். அது பாதி உண்மை. இன்சுலின் உடலைக் கட்டும் கொத்தனார். சர்க்கரையைத் தசைக்குள் செலுத்துவதும், புரதத்தைத் தசையாக்குவதும், கொழுப்பைச் சேமித்து வைப்பதும் அதன் பணிகள். இன்சுலின் குன்றினால் கட்டும் வேலை நின்று, உடல் தன் தசையையே எரித்து உயிர்வாழத் தொடங்கும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உடையோர்க்கு இது இருமடங்கு தீங்கு. மூச்சை இழுத்து விடுவதும் தசையின் வேலையே அன்றோ? உடல் மெலியுந்தோறும் நுரையீரலின் வலிமையும் கிருமியை எதிர்க்கும் ஆற்றலும் குறைகின்றன. நீரிழிவு வெளிப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அவர்களுடைய எடையும் மூச்சின் அளவும் சரியத் தொடங்குவதை மருத்துவர்கள் கண்டிருக்கின்றனர். மேலைநாட்டுக் கணக்குகளின்படி, இந்நோயுற்ற பதின்ம வயதினருள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்க்கும், வளர்ந்தோருள் பாதிப்பேரை ஒட்டியோர்க்கும் நீரிழிவு வந்தது. ஆதலால் பத்து வயது முதல் ஆண்டுதோறும் குளுக்கோஸ் நீர் பருகச் செய்து குருதியைச் சோதிக்கவேண்டும் என்பது விதி.

அவ்வாறாயின் உணவைக் குறைக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? இன்சுலின் கண்டுபிடிக்கப்படும் முன்னர், இளையோர் நீரிழிவுக்குப் பட்டினியைத் தவிர வேறு மருந்து இல்லை. அமெரிக்காவில் ஃபிரெடெரிக் ஆலன் என்னும் மருத்துவர், உணவை மிகக் குறைத்துச் சில மாதங்களோ சில ஆண்டுகளோ உயிரை நீட்டித்தார். சர்க்கரை குறைந்தது, குழந்தைகளோ எலும்பும் தோலுமாயினர். 1922 ஜனவரி 11ஆம் நாள் கனடாவின் டொரான்டோ நகரில் லெனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டபோது அவனுடைய எடை ஏறக்குறைய 29 கிலோவே. முதல் ஊசி நன்கு பயன் தரவில்லை. தூய்மை செய்யப்பட்ட மருந்தை அதே மாதம் 23ஆம் நாள் மீண்டும் செலுத்தியபோது சர்க்கரை இறங்கியது. அவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். அன்றே பட்டினி வைத்தியத்தின் காலம் முடிந்தது. முடிந்த பின்னும் அதன் நிழல் நம் வீடுகளில் நீங்கவில்லை.

வியாசர்பாடியில் நான் தலைமையாசிரியராகப் பணியாற்றிய நாளில், ஒன்பதாம் வகுப்பில் மிக மெலிந்த மாணவன் ஒருவன் இருந்தான். கணையக் கல்லால் வந்த நீரிழிவு அவனுக்கு. நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொண்டு வருவான். மதிய உணவில் தனக்குரிய முட்டையையும் பாதிச் சோற்றையும் பக்கத்துப் பையனுக்குக் கொடுத்துவிடுவான். சர்க்கரை உள்ளவன் வயிறு நிறைய உண்ணலாகாது என்று அண்டை வீட்டு ஆயா சொல்லியிருந்தார். அவர் அன்பினால் சொன்னதே அது. விளைவு என்ன? மாலை மூன்று மணிக்குக் கணக்கு வகுப்பில் அவன் கை நடுங்கும், முகம் வியர்க்கும், கரும்பலகையில் உள்ளது கண்ணுக்குத் தெரியாது. உண்ணும் அளவுக்கென்று கணக்கிட்டுப் போட்ட இன்சுலின், உணவு வராமையால் குருதியிலிருந்த சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்திவிட்டது. அவனுடைய தாயார் மருத்துவரின் சீட்டை எடுத்து வந்து என்னிடம் காட்டினார். முழு உணவு, இடையிடையே சிற்றுணவு, எண்ணெய் தடையில்லை என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அதனை வகுப்பாசிரியர்க்கும் சத்துணவு அமைப்பாளர்க்கும் படித்துக் காட்டினோம். அவன் தன் பங்கைத் தானே உண்ணலானான். பள்ளியின் உயரம் எடைப் பதிவேட்டில், அடுத்த ஆண்டு அவன் பெயருக்கு நேரே 4 கிலோ ஏறியிருந்தது.

உணவின் கணக்கை இனிப் போட்டுப் பார்ப்போம். கணையம் பழுதுற்ற சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளர்க்கு, ஒத்த வயதினர் உண்பதைப்போல் நூற்றுக்கு 120 முதல் 150 பங்கு வரை கலோரி வேண்டியிருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. 2,500 கலோரி போதுமான ஒரு மாணவன் இந்நோயுற்றிருப்பின், 3,000 முதல் 3,750 கலோரி வரை உண்ணவேண்டும். குறைந்த அளவாகிய 500 கலோரியை எவ்வாறு கூட்டுவது? ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரியும், ஒரு கிராம் மாவுச்சத்தோ புரதமோ 4 கலோரியும் தரும் என்பதை அறிவீர்கள். சர்க்கரையாலேயே அதனைக் கூட்ட முயன்றால் 125 கிராம், அதாவது 25 தேக்கரண்டி வேண்டும். அது குருதியில் வெள்ளம்போல் ஏறும். மாறாக, இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயை நாள் முழுவதும் இட்லிப் பொடியிலும் குழம்பிலும் சேர்த்தால் ஏறக்குறைய 240 கலோரி. 50 கிராம் வேர்க்கடலை உண்டால் ஏறக்குறைய 280 கலோரி. இவ்விரண்டிலேயே 500 நிறைந்துவிடுகின்றது. சர்க்கரையோ மிகச் சிறிதே ஏறுகின்றது.

ஆகவே விலை உயர்ந்த புட்டிச் சத்துமாவைத் தேடி அலையவேண்டியதில்லை. காசிமேட்டு மீன், முட்டை, தயிர், வேர்க்கடலை, எள், தேங்காய் ஆகியன நம் பகுதி வீடுகளுக்குப் பழக்கமான பொருள்களே. சோற்றையும் இட்லியையும் விலக்கவேண்டியதில்லை. அவற்றை மூன்று வேளையும் இடையுணவுமாகப் பங்கிட்டு உண்டு, ஒவ்வொரு வேளையின் மாவுச்சத்துக்கும் ஏற்ப இன்சுலின் அளவை அமைத்துக்கொள்வர். சர்க்கரை கரைத்த குளிர்பானங்களை மட்டும் நாள்தோறும் பருகாமலிருத்தல் நலம். அவை சர்க்கரையை ஏற்றுவதன்றி உடலுக்கு வேறு சத்து எதுவும் தருவதில்லை.

கொழுப்பைத் தின்றால் போதாது; அது செரிக்கவும் வேண்டும். அதற்கென நொதி மாத்திரைகள் உள்ளன. பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த நொதிகளைச் சிறு மணிகளாக்கி, இரைப்பையின் அமிலத்தில் கரையாத உறையிட்டு அவற்றைச் செய்கின்றனர். உணவு தொடங்கும்போதே அவற்றை விழுங்கவேண்டும், மெல்லலாகாது. சமயம் பற்றிய தயக்கம் எழுமானால் மாத்திரையை ஒளித்து வைக்காமல் மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசுதல் வேண்டும். கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே ஆகிய உயிர்ச்சத்துகளையும் தனியே கொடுப்பது வழக்கம்.

உப்பும் இங்கே கருதத்தக்கது. குருதியழுத்தம் உள்ளவர்க்கு உப்பைக் குறை என்கின்றோம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உடையவரோ வியர்வையின் வழியே உப்பை இழந்துகொண்டே இருக்கின்றனர். சென்னையின் கத்திரி வெயிலில் அவர்களுக்கு மருத்துவர் சொல்லும் அளவில் கூடுதல் உப்பு தேவைப்படும். உப்பிட்ட நீர்மோரும் ஊறுகாயும் அவர்களுக்குப் பகையல்ல.

இன்சுலினைக் காப்பதிலும் கருத்து வேண்டும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில், நீர் நிறைந்த மண்பானைக்குள் சிறு பானை வைத்து அதனுள் மருந்தை நனையாமல் வைப்பது நல்ல முறை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பகுதியில் நீர் தேங்கி மின்சாரம் நின்றது. அந்நாளில் குளிர்ப்பெட்டி வைத்திருந்தவர்க்கும் பானையே துணையாகும் என்பதை நினைவில் வையுங்கள்.

அறிவியல் நின்ற இடத்தில் நிற்பதன்று. பழுதுற்ற மரபணுவின் விளைவைப் பெருமளவு திருத்தும் மும்மருந்துக் கூட்டு 2019இல் அமெரிக்காவில் ஏற்பளிக்கப்பட்டது. அது கிடைப்போருள் பலர் நன்கு எடை கூடுகின்றனர்; அவர்களுள் சிலர்க்கு மிகுதியான கலோரி இனித் தேவையில்லை என்னும் நிலையும் தோன்றியுள்ளது. அதன் விலையோ எளியோர் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றது. இளமைக்கால ஊட்டக்குறைவால் மெலிந்தவர்க்கு வரும் நீரிழிவை ஐந்தாம் வகை என்று உலக நீரிழிவுக் கூட்டமைப்பு 2025இல் பாங்காக் மாநாட்டில் ஏற்றுக்கொண்டது. வேலூர் மருத்துவர்களின் ஆராய்ச்சி அதற்குப் பெருந்துணையாயிற்று. கணையக் கல், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், ஊட்டக்குறைவு ஆகிய மூன்றும் வெவ்வேறு நோய்கள். மருந்தும் அளவும் வேறு வேறு. ஆயினும், மெலிந்த நோயாளியை மேலும் மெலியச் செய்யும் பத்தியம் மருத்துவமாகாது என்பது மூன்றுக்கும் பொது. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் பெரும்பாலும் உணவின் அளவைப் பற்றியே பேசுகின்றார். அளவு என்பது குறைவு என்று பொருள்படாது. அவரவர் உடலுக்கு ஏற்றதே அளவு.

மாணவர்களே, இவற்றால் நீங்கள் செய்யத்தக்கது யாது? உங்கள் தோழன் ஒருவன் வகுப்பின் நடுவே சிற்றுண்டி உண்டால் நகையாடாதீர்கள். அது அவனுக்கு மருந்து. உணவுக்கு முன் அவன் ஊசி போட்டுக்கொள்வதையும் மாத்திரை விழுங்குவதையும் வேடிக்கை பார்க்காதீர்கள். அவனுக்குக் கை நடுங்கி, வியர்த்து, பேச்சுத் தடுமாறினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிடின் மீண்டும் கொடுங்கள். நினைவு தப்பியிருப்பின் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆசிரியரிடம் சொல்லி 108 ஊர்தியை அழையுங்கள். ஓயாத இருமலும் எண்ணெய் மிதக்கும் மலமும் எத்தனை உண்டாலும் ஏறாத எடையும் உடைய தம்பி தங்கையரைக் கண்டால், அவர்களைப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுமாறு பெற்றோரிடம் கூறுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிறர் தட்டைப் பார்த்து அறிவுரை கூறும் முன் ஒரு கணம் எண்ணுங்கள். மருத்துவர் அவனுக்கு எழுதிக் கொடுத்த அளவு உங்களுக்குத் தெரியாது. அவன் உண்ணட்டும், அருகே அமர்ந்து நீங்களும் உண்ணுங்கள்.